அப்பா கேட்ட மன்னிப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் ஹெட்போன் வேலை செய்திருந்தால் அப்பாவுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. சார்ஜ் போட மறந்துவிட்டேன். லேப்டாப்பின் ஸ்பீக்கரிலேயே பேச வேண்டியதாயிற்று. ஜன்னலுக்கு வெளியே, வாசலில் தார்ப்பாய் விரித்து, அப்பா மிளகுக் கொத்துகளைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா இறந்த பிறகு நான் சென்னையிலிருந்து எங்கள் வளப்பூர் நாட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. நான் செய்யும் வேலையை எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம். கொல்லிமலையில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. மரக்கிளை விழுந்து கேபிள் அறுந்தால் போனில் இணையம் இருக்கிறது. இரண்டும் போன நாட்களில் மலையின் பெரிய ஊரான செம்மேடு வரை போய் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். என்னால் ஒரு வேலையும் நின்றதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்று என்னைத் திட்டியவர் முதலில் பிடித்துக்கொண்டது நான் இருக்கும் இடத்தைத்தான்.

என் வேலை மெயின்ஃபிரேம் என்னும் பெரிய கணினிகளில். அமெரிக்காவில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியிடம் அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணினியை வெளியுலகத்தோடு இணைத்து வைக்கும் நெட்வொர்க் மென்பொருளை எங்கள் குழு பார்த்துக்கொள்கிறது. எந்த வாசல் எந்தப் புரோகிராமுக்கு, எந்த ஊருக்குப் போக வேண்டிய தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையெல்லாம் வரி வரியாக ஒரு ஃபைலில் எழுதி அதற்குக் கொடுக்க வேண்டும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய ஃபைல் ஒன்றைக் கொடுத்து, இனி இதன்படி நட என்று சொல்லவும் முடியும். அதில் ஒரு விஷயம் இருக்கிறது. வழிகளைப் பொறுத்தவரை, புதிதாகக் கொடுக்கும் ஃபைலில் என்ன இருக்கிறதோ அதை மட்டும்தான் அது வைத்துக்கொள்ளும். பழையதோடு சேர்த்துக்கொள்ளாது. பழைய வழிகள் அத்தனையும் அழிந்துவிடும்.

அந்த வாரம் புதிய கிளை ஒன்றுக்காக ஒரு வழி சேர்க்க வேண்டியிருந்தது. பழைய வழிகள் எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் புதியதைச் சேர்த்து, வெள்ளிக்கிழமை மாலை ஃபைலை அனுப்பிவிட்டேன். அவர்களுக்குச் சனி இரவாக இருக்கும்போது, நமக்கு ஞாயிறு காலையில், சென்னையில் இருக்கும் சக ஊழியர் ஒருவர் அதை ஓடவிட வேண்டும். ஓடவிட்டார். சற்று நேரத்தில் அந்தக் கம்பெனியின் கிளைகள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன. என்னை அழைத்தார்கள்.

அழைப்பில் இணைந்ததுமே என்ன ஆயிற்று என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓடவிட்ட ஃபைலில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. மற்ற வரிகளை யாரோ நீக்கியிருந்தார்கள். நல்லவேளையாக நான் அனுப்பிய முழு ஃபைல் அந்தக் கணினியில் அப்படியே கிடந்தது. கணினி இருக்கும் அறையிலேயே உட்கார்ந்திருந்த ஆபரேட்டரிடம் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் தட்டச்சு செய்தார். கிளைகள் திரும்பி வந்தன. அமெரிக்கர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் மேனேஜர் பேச ஆரம்பித்தார். எங்கள் குழு மட்டும் தனியாக இருந்த அழைப்பு அது. அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் ஆங்கிலம் போய்த் தமிழ் வந்துவிடும்.

"ஃபைல்ல யார் பேர் இருக்கு? உங்க பேர்தானே இருக்கு?"

"சார், நான் அனுப்பினதுல எல்லா வழியும் இருந்தது."

"இப்ப அதுவா முக்கியம்? கிளையன்ட் முன்னாடி என் மானம் போச்சு. காட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு வேலை பார்த்தா இப்படித்தான் இருக்கும். உங்களை எல்லாம் ஊருக்குள்ள கூட்டிட்டு வந்து உக்கார வைக்கணும்."

இன்னும் நிறையச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தது வெளியே மிளகு உதிரும் சத்தத்தை. அது நின்றுபோயிருந்தது.

ஸ்பீக்கரின் ஒலியைக் குறைக்க எனக்குக் கை வரவில்லை. குறைத்தால், அப்பா கேட்டுவிட்டார் என்பதை நான் ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும் என்று தோன்றியது. "சரி சார்", "சரி சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பது வயதைத் தாண்டிய, இந்தத் துறையில் ஓரளவு பேர் வாங்கிய ஒரு பெண், தன் அப்பா நான்கடி தூரத்தில் நிற்கத் திட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சாயங்காலம் சென்னை ஊழியர் தனியாகப் போன் செய்தார். "அக்கா, கிளையன்ட் அனுமதி குடுத்தது ஒரு வரிக்குத்தானே, எதுக்கு இத்தனை வரி, புதுசை மட்டும் அனுப்புன்னு சார்தான் சொன்னாரு. நான் எப்படி அவர் முன்னாடி அதைச் சொல்றது?" என்றார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. நானே எதுவும் சொல்லவில்லையே.

அப்பா அன்று பகல் முழுவதும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போதுதான் கேட்டார்.

"யாரு கண்ணு அது?"

"எங்க மேனேஜருங்கப்பா."

"நீ என்ன பண்ணிப்போட்ட?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்கப்பா."

"ஒண்ணும் பண்ணாமயா அந்தப் பேச்சுப் பேசறாரு?"

செம்மேட்டில் ரோடு பிரியும் இடத்தில் இருக்கும் ஊர்ப் பலகையை வைத்து அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். "புதுசா ஒரு ஊருக்கு ரோடு போட்டாங்கன்னு வெச்சுக்குங்க. எல்லா ஊர் பேரோட அந்த ஊர் பேரையும் சேத்து நான் ஒரு போர்டு எழுதிக் குடுத்தேனுங்க. இவங்க புது ஊர் பேர மட்டும் எழுதி நட்டுட்டாங்க. வண்டியெல்லாம் எங்க போறதுன்னு தெரியாம நின்னுபோச்சு."

"யாரு அப்படி நடச் சொன்னது?"

"அவருதானுங்க."

"காலைல வஞ்சாரே, அவரா?"

"ஆமாங்க."

அப்பா களியைப் பிசைந்தார். "அப்ப தப்பு எம்மேலதான்னு நீயே சொல்லிப்போடு கண்ணு. பெரியவங்க மேல தப்புன்னு சொல்லிட்டு நாம எங்க போயி நிக்கறது?"

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் நிலத்தில் இருந்த சில்வர் ஓக் மரம் ஒன்றை வீடு பழுதுபார்க்க வெட்டியதற்காக, ஒரு அதிகாரி முன்னால் அப்பா நின்றதைப் பார்த்திருக்கிறேன். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது. அனுமதி வாங்கித்தான் வெட்டியிருந்தார். அதைச் சொல்லவே இல்லை. "தெரியாம நடந்துபோச்சுங்க சாமி" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். படித்துப் பெரிய வேலைக்குப் போனால் அந்த நிற்றல் எனக்கு வராது என்று நினைத்திருந்தேன். வந்துவிட்டது. அதுவும் உட்கார்ந்தபடியே, "சரி சார்" என்று ஆங்கிலம் கலந்து.

மிளகு காய்ந்து மூட்டையாகி, பலா பழுக்கத் தொடங்கிய கோடையில், மேனேஜரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. குடும்பத்தோடு கொல்லிமலைக்கு வருகிறாராம். எங்கே தங்கலாம், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தார். கூடவே, வாசலூர்பட்டி ஏரி போட் ஹவுஸுக்கு வரும்போது முடிந்தால் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார். அந்த ஞாயிறுக்குப் பிறகு என்னிடம் அவர் சாதாரணமாகத்தான் பேசிவந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. நான் தங்கும் இடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, வந்து பார்க்கிறேன் என்று பதில் போட்டேன்.

அப்பாவிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சனிக்கிழமை காலையில் நான் கிளம்பும்போது அவர் வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போட்டு, வாசலில் தயாராக நின்றார். பக்கத்தில் ஒரு பலாப்பழம். துணிப்பையில் மிளகு, நல்ல மணியாகப் பார்த்து எடுத்தது.

"நீங்க எதுக்குங்கப்பா?"

"நானும் வாரேன். ஒரு வார்த்த பேசிப்போட்டு வந்தர்றேன்."

"என்ன பேசப் போறீங்க?"

"மலைக்கு வந்த மனுசரப் பாக்காம இருந்தா நல்லாருக்குமா?"

அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பழத்தை இறக்கி வைத்துவிட்டு வீட்டில் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த வேட்டியைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் அவர் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வளைவுகளில் அது உருளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் ஜன்னல் வழியே மரவள்ளிக் காடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ் எங்காவது பழுதாகி நின்றுவிட்டால் தேவலை என்று நினைத்தேன்.

ஏரிக்கரையில் விடுமுறைக் கூட்டம். மேனேஜர் டிக்கெட் கவுன்டர் அருகில் நின்றிருந்தார். திரையில் பார்ப்பதைவிடக் குள்ளம். அவர் மனைவி தங்கள் மகளுக்கு மிதவை உடையின் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேனேஜர் உற்சாகமாகக் கையசைத்தார். "உங்க ஊரு சூப்பருங்க. இங்கேருந்து வேலை பார்க்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார்.

அப்பா பழத்தைக் கீழே வைத்தார். துண்டு தோளிலிருந்து இறங்கியது. கைகள் கூடின.

"ஏனுங்க சார், கும்புடறேனுங்க. நான் இந்தப் புள்ளயோட அப்பனுங்க."

"வணக்கமுங்க, வணக்கமுங்க."

"அன்னைக்கு நீங்க வஞ்சதக் கேட்டுட்டுத்தானுங்க இருந்தேன். புள்ள தெரியாம பண்ணிப்போட்டுதுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நல்ல புள்ளைங்க. இனிமே அப்படி நடக்காம பாத்துக்கும்."

மேனேஜரின் மனைவி பட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜரின் முகம் ஒரு கணம் என் பக்கம் வந்து விலகியது. அவருக்கு அந்த ஞாயிறு ஞாபகம் இருந்தது. யார் சொல்லி அந்த வரிகள் நீக்கப்பட்டன என்பதும் ஞாபகம் இருந்தது. அது அவர் கண்ணில் தெரிந்தது. அந்தக் கணத்தில் அவர் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"ஐயோ, என்னங்கய்யா, வயசுல பெரியவங்க போயி… அதெல்லாம் அப்பவே மறந்தாச்சுங்க. சின்னத் தப்புதான். யாருக்கும் வரும்" என்றார்.

மன்னித்துவிட்டார்.

"அது என் தப்பில்ல சார்" என்றேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அதே நேரத்தில் போட் ஹவுஸ் ஒலிபெருக்கியில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அப்பாவுக்குக் கேட்டது. என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி, "சும்மா இரு கண்ணு" என்றார்.

மேனேஜரின் மனைவிதான் நிலைமையைச் சமாளித்தார். "மிளகு உங்க தோட்டத்துலயே காய்ச்சதுங்களா? வாசனையே தனியா இருக்குதுங்க" என்று பையை வாங்கிக்கொண்டார். அப்பா மலர்ந்துபோய், மிளகுக் கொடியைப் பற்றியும் இந்த வருட மழையைப் பற்றியும் அவருக்குச் சொல்லத் தொடங்கினார். மேனேஜர் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். டிக்கியில் பழத்தை வைத்துவிட்டுக் கைகளைத் தட்டியவர், "பால் ஒட்டுது" என்றார். "தேங்காய் எண்ணெய் தேச்சா போயிரும் சார்" என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசினோம்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவுக்குப் பேச்சு நிற்கவில்லை. பக்கத்தில் தேவனூர் நாட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "பொண்ணோட ஆபீசருங்க. தங்கமான மனுசன். ஒரு வார்த்த கடுசாப் பேசல" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் முன் சீட்டின் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தலை சுற்றுகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வெட்கம் யாரைப் பற்றியது என்றே எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் கைகூப்பியதைப் பார்த்து வந்த வெட்கம் ஒன்று. அவரை அப்படிப் பார்த்து வெட்கப்பட்டேனே என்பது இன்னொன்று. என் சொந்த அப்பா, எனக்காகத்தான் அதைச் செய்தார். ஏரிக்கரையில் நின்றிருந்தபோது, வரிசையில் நின்ற அந்த இரண்டு மூன்று பேர் எங்களை ஒருவருக்கொருவர் யாரோ என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நான் ஒரு சிறு புரோகிராம் எழுதினேன். நெட்வொர்க் மென்பொருளிடம், இப்போது உன்னிடம் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று கேட்க முடியும். அதற்கென்றே அதில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிலையும் கொடுக்கப்போகும் ஃபைலையும் என் புரோகிராம் ஒப்பிட்டு, ஏதாவது வழி விடுபட்டிருந்தால் ஓடவிடாமல் நிறுத்திவிடும். யாரும் கேட்டு எழுதியதல்ல. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், ஒருவிதப் பிடிவாதத்தில் எழுதினேன். அதில் ஒரு வரி கூட விடுபட்டுவிடக் கூடாது என்று மறுபடி மறுபடி சோதித்தேன். யாருக்கு எதை நிரூபிக்கிறேன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அதை அமெரிக்கர்களுக்குக் காட்டும் கூட்டத்தில் எல்லோரும் இருந்தார்கள். காட்டி முடித்ததும், அவர்களுடைய பொறியாளர் ஒருவர் கேட்டார்: இத்தனை வருடம் இது இல்லாமல்தானே ஓட்டினோம், இப்போது ஏன் தேவைப்பட்டது?

பதில் என் வாயில்தான் இருந்தது. திறப்பதற்குள் மேனேஜரின் குரல் வந்தது. "அந்த ஞாயிறு நடந்ததற்கு நான்தான் காரணம். மாறிய வரியை மட்டும் அனுப்பச் சொன்னது நான். இவர் தயாரித்த ஃபைல் சரியாக இருந்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அமெரிக்கர், சரி, புரிகிறது என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார். "அப்பா இருக்காருங்களா?" என்று கேட்டார். காட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். "சரிங்க, அப்புறம் பேசறேன்" என்றார். அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அப்பா வந்ததும் நானே சொன்னேன். சொல்லியே ஆக வேண்டும் என்று மாலை முழுவதும் காத்திருந்தேன். அவர் கால் கழுவிவிட்டு உள்ளே வருவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"அன்னைக்கு நடந்தது தன்னோட தப்புன்னு எங்க மேனேஜரே சொல்லிட்டாருங்கப்பா. எல்லாரும் இருக்கற மீட்டிங்குல."

அப்பா வாசற்படியிலேயே நின்றார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லையென்றால், என்னை வேண்டாத பேச்செல்லாம் பேசிய மனிதர்மீது கோபமாவது வரும் என்று. உண்மையில் அந்தக் கோபத்தைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

"அப்ப நெசமாவே உம்மேல தப்பு இல்லியா?" என்றார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனுங்களே."

"நீ சொன்ன. எல்லாப் புள்ளைகளும் அப்படித்தான் சொல்லும்னு நெனச்சேன்." உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "அப்ப நான் எதுக்குப் போயிக் கும்புட்டேன்? அத்தன சனத்துக்கு முன்னாடி?"

துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"உனக்குக் கெட்ட பேராக்கிப்போட்டனே கண்ணு. நானே போயி, எம்புள்ள தப்புப் பண்ணிப்போட்டுதுன்னு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கப்பா."

"அவருக்கும் எப்படி இருந்திருக்கும். பொண்டாட்டி புள்ள முன்னாடி. தப்புப் பண்ணுனவருகிட்டயே போயி நாம மாப்புக் கேட்டா, அது செருப்பால அடிச்ச மாதிரியில்ல?" பிறகு, "அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுன்னுதான் நெனைக்கறேன்."

"தெரிய வேண்டாம். நீ ஒண்ணும் சொல்லிப்போடாத."

அவர் முகம் சிறுத்துப்போயிருந்தது. ஏரிக்கரையிலிருந்து திரும்பிய நாளிலிருந்து, பெண்ணுக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நிறைவு அவரிடம் இருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த ஆபீசரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இனி சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையை அவருக்குச் சொன்னதாகத்தான் நினைத்தேன். கொடுத்தது என்னவோ என்னிடம் இருந்த வெட்கத்தைத்தான். அது என்னிடமிருந்தும் போகவில்லை. இப்போது இரண்டு பேரிடமும் இருந்தது.

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. எழுந்து போய் மூடியைத் திறந்துவிட்டு வந்தேன். அப்பா விளக்கைப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாப்பிடலாமா என்று நான் கேட்டதற்கு, "நீ சாப்புடு சாமி, நான் பொறகு" என்றார். நானும் பிறகே சாப்பிடுகிறேன் என்றேன்.